முகூர்த்த நாளில் மட்டும் காலியாகும் விலைப் பெட்டி: ஜாங்கோவில் சொந்த ஃபார்ம் டேக்கைப் பிழை பார்ப்பது

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியட்டும். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு, பைத்தான் மொழியில் வலைத்தளம் எழுத உதவும் ஜாங்கோவில் பூ வரவுப் பதிவு எழுதிக்கொண்டிருக்கிறார் தம்பி ஒருவர். லேபிள், பெட்டி, பிழைச் செய்தி மூன்றையும் ஒரே வரியில் வரைவதற்காக ‘பூ_வரி’ என்று சொந்தமாக ஒரு டெம்ப்ளேட் டேக் (பக்கத்தின் அச்சுக்குள் கூப்பிடும் சிறு கட்டளை) எழுதியிருக்கிறார். அதில் மூன்று தொல்லைகள். ஒன்று, எடையைத் தவறாக அடித்துப் பக்கம் பிழையோடு திரும்பி வரும்போது, தேர்ந்தெடுத்த பூ வகை போய் மறுபடி ‘தேர்ந்தெடுக்கவும்’ என்று நிற்கிறது. இரண்டு, ஒரே விவசாயி கொண்டுவந்த மல்லி, பிச்சி, கனகாம்பரம் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் ஏற்றப் புதிதாகப் பல வரிப் பக்கம் போட்டால், பிழையும் வரவில்லை, பதிவும் ஆகவில்லை. மூன்றாவதுதான் அவரைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது: பழைய சீட்டைத் திருத்தப் போனால் சில நாள் சீட்டுகளில் மட்டும் விலைப் பெட்டி காலியாக வருகிறது, பெரும்பாலும் முகூர்த்த நாள் சீட்டுகளில். “அண்ணே, பிழை ஜாங்கோவிலா, என் டேக்கிலா?” என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, பிழை டேக்கில்தான். ஆனால் மூன்று பிழை இல்லை. முதலாவதும் மூன்றாவதும் ஒரே பிழையின் இரண்டு முகம். அதைப் புரிந்துகொண்டால் இனி எந்த ஃபார்ம் டேக்கையும் தைரியமாகத் திறந்து பார்க்கலாம்.

முகூர்த்த நாளிலிருந்தே தொடங்குகிறேன், விடை அங்கேதான் இருக்கிறது. முகூர்த்த நாளில் மல்லி விலைக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், கிலோ ஆயிரத்தைத் தாண்டிப் போய்விடும். மற்ற நாளில் 400, 600 என்று இருக்கும் எண், அன்று 1250 ஆகிறது. உங்கள் செட்டிங்ஸில் ‘யூஸ்_தவுசண்ட்_செபரேட்டர்’ உண்மை என்று இருக்கிறது, மொழி ஆங்கிலம். அப்படியிருந்தால் டெம்ப்ளேட்டில் நேரடியாக எழுதப்படும் எந்த எண்ணுக்கும் ஜாங்கோ காற்புள்ளி போடும். உங்கள் டேக் ‘ஃபீல்டு.வேல்யூ’வை அப்படியே வேல்யூ பண்புக்குள் அச்சடிக்கிறது. ஆக சர்வர் அனுப்புவது 1,250.00. பெட்டியின் வகை ‘நம்பர்’. எச்டிஎம்எல் விதிப்படி, எண் பெட்டிக்குள் எண்ணாகப் படிக்க முடியாத ஒன்று வந்தால் பிரவுசர் அதை வெற்று மதிப்பாக மாற்றிவிட வேண்டும். காற்புள்ளி உள்ளது எண் அல்ல. பெட்டி காலி. 950 என்றால் காற்புள்ளி இல்லை, ஒழுங்காகத் தெரியும். குரோமின் கன்சோலைத் திறந்து வைத்திருந்தால், இந்த மதிப்பைப் படிக்க முடியவில்லை என்று அது எச்சரித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இதில் ஆபத்து பெட்டி காலியாகத் தெரிவது அல்ல. விலையைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்பதற்காக அந்த ஃபீல்டைக் கட்டாயமில்லாததாக வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் எடையை மட்டும் திருத்தப் போன கணக்குப் பிள்ளை ‘சேமி’யை அழுத்தியதும் விலை அழிந்துவிடும், எந்தச் சத்தமும் இல்லாமல். இதற்குக் கடைசியில் வருகிறேன்.

இப்போது பூ வகை. உங்கள் டேக் ஒவ்வொரு பூவாகச் சுற்றி, ‘ஃபீல்டு.வேல்யூ’வும் பூவின் ஐடியும் சமமா என்று பார்த்து, சமம் என்றால் ‘செலக்டட்’ போடுகிறது. திருத்தும் பக்கத்தை முதலில் திறக்கும்போது இது சரியாக வேலை செய்யும். ஏனென்றால் அப்போது மதிப்பு டேட்டாபேஸிலிருந்து வருகிறது: எண் 3. பூவின் ஐடியும் எண் 3. ஆனால் படிவத்தை அனுப்பி, பிழையோடு திரும்பி வரும்போது மதிப்பு பிரவுசர் அனுப்பியதிலிருந்து வருகிறது. பிரவுசர் அனுப்புவது எல்லாமே எழுத்துதான். அதாவது மேற்கோள் குறிக்குள் இருக்கும் ‘3’. பைத்தானில் எண் 3-உம் எழுத்து ‘3’-உம் சமம் அல்ல. தேர்வு போய்விடும்.

பாருங்கள், இரண்டும் ஒரே விஷயம். ஃபார்ம் ஃபீல்டு ஒன்றின் மதிப்பு இரண்டு வழியாக வரும். பக்கம் முதலில் திறக்கும்போது பைத்தான் பொருளாக வரும்: எண், தசம எண், தேதி. பிழையோடு திரும்பும்போது வெறும் எழுத்தாக வரும். உங்கள் டேக் முதல் வழியில் விலையைக் கெடுக்கிறது, இரண்டாம் வழியில் பூ வகையைக் கெடுக்கிறது. அதனால்தான் விலைச் சிக்கல் திருத்தும் பக்கத்தில் மட்டும் வருகிறது. அதே பக்கத்தில் வேண்டுமென்றே எடையைத் தவறாக அடித்து அனுப்பிப் பாருங்கள், விலைப் பெட்டியில் 1250 என்று அடித்து அனுப்பியிருந்தால் அது அப்படியே நிற்கும். எழுத்துக்கு ஜாங்கோ காற்புள்ளி போடாது.

ஜாங்கோவின் சொந்த விட்ஜெட்டுகளுக்கு, அதாவது பெட்டிகளை வரையும் அதன் பகுதிகளுக்கு, இந்த நோய் கிடையாது. தேர்வுப் பட்டியல் விட்ஜெட் இரண்டு பக்கத்தையும் எழுத்தாக மாற்றிவிட்டுத்தான் ஒப்பிடுகிறது. உள்ளீட்டுப் பெட்டியின் டெம்ப்ளேட்டைத் திறந்து பாருங்கள், மதிப்பை ‘ஸ்ட்ரிங்ஃபார்மட்’ ஃபில்டர் வழியாகவே அச்சடிக்கும். காற்புள்ளி புகாமல் இருக்கத்தான் அந்த ஃபில்டர். பல வருட அடி வாங்கி அந்தச் சின்ன டெம்ப்ளேட்டுக்குள் வந்து சேர்ந்த அறிவு அது. நாம் கையால் ஒரு பெட்டியை வரையும் நிமிடமே அந்த அறிவு முழுவதையும் கீழே வைத்துவிடுகிறோம்.

அதனால் என் தீர்ப்பு இது: டேக் சட்டத்தை வரையட்டும், பெட்டியை விட்ஜெட் வரையட்டும். லேபிள், உதவிக் குறிப்பு, பிழைச் செய்தி, சுற்றியுள்ள டிவ், இவை உங்கள் டேக்கின் வேலை. நடுவில் உள்ள பெட்டிக்கு ‘ஃபீல்டு.ஆஸ்_விட்ஜெட்’டைக் கூப்பிடுங்கள், கிளாஸ் பெயர் சேர்க்க வேண்டுமென்றால் அதற்கே ‘ஆட்ரிப்ஸ்’ ஆகக் கொடுங்கள். அப்படிக் கொடுக்கும் கிளாஸ், விட்ஜெட்டில் ஏற்கனவே இருக்கும் கிளாஸோடு சேராது, அதை மாற்றிவிடும். பழையதும் வேண்டுமென்றால் இரண்டையும் நீங்களே ஒட்டி அனுப்ப வேண்டும்.

இரண்டாவது தொல்லையும் இதே மாற்றத்தில் தீர்ந்துவிடும், ஆனாலும் காரணம் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் டேக் பெட்டியின் பெயராக ‘ஃபீல்டு.நேம்’ போடுகிறது. ஒற்றைச் சீட்டுப் பக்கத்தில் அது போதும். பல வரிப் பக்கத்தில் ஜாங்கோ ஒவ்வொரு வரிக்கும் முன்னொட்டு வைக்கிறது: ‘ஃபார்ம்-0-எடை’, ‘ஃபார்ம்-1-எடை’ என்று. அந்த முழுப் பெயர் இருக்கும் இடம் ‘எச்டிஎம்எல்_நேம்’. உங்கள் பக்கத்தில் எல்லா வரியும் வெறும் ‘எடை’ என்ற ஒரே பெயரில் போகிறது. சர்வர் ‘ஃபார்ம்-0-எடை’யைத் தேடுகிறது, கிடைக்கவில்லை. ஆகவே அந்த வரியில் எதுவும் நிரப்பப்படவில்லை என்று எண்ணிக்கொள்கிறது. கூடுதலாகக் காட்டப்படும் வரிகள் காலியாக இருப்பது ஃபார்ம்செட்டில் (இந்தப் பல வரிப் படிவத்துக்கு ஜாங்கோவில் பெயர் அது) அனுமதிக்கப்பட்ட ஒன்று, அதனால் பிழையும் காட்டாது. பிழையில்லாமல் பதிவாகாமல் போவதற்கு இதுதான் காரணம். லேபிளுக்கும் இதே கதைதான், ‘ஃபார்’ பண்பில் ‘ஐடி_ஃபார்_லேபிள்’ போடுங்கள், நாமாக ‘ஐடி_எடை’ என்று கோர்த்தால் இரண்டாம் வரியின் லேபிளைத் தொட்டால் முதல் வரிக்குக் கர்சர் போகும், அல்லது எங்குமே போகாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் உங்கள் டெம்ப்ளேட்டில் பார்த்தேன். எடைப் பெட்டியும் கையால் வரைந்த எண் பெட்டிதான், அதில் ‘ஸ்டெப்’ பண்பு இல்லை. இல்லையென்றால் பிரவுசர் அதை 1 என்று எடுத்துக்கொள்ளும். 2.350 கிலோ என்று அடித்தால், சரியான மதிப்பு 2 அல்லது 3 என்று சொல்லி அனுப்பவிடாது. கடையில் முழுக் கிலோவாகவே இதுவரை சோதித்திருப்பீர்கள் போலிருக்கிறது. பூ கிராமில்தான் பேசும். ‘டெசிமல்ஃபீல்டு’ தன் தசம இலக்கத்தைப் பார்த்து 0.001 என்று ஸ்டெப்பைத் தானே விட்ஜெட்டுக்குக் கொடுத்துவிடும். ‘மேக்ஸ்லென்த்’, ‘ரெக்வயர்டு’ எல்லாமும் அதே போல வரும். கையால் வரைந்தால் ஒன்றும் வராது.

சரி, விடை தெரிந்தது. ஆனால் அடுத்த முறை நீங்களே எப்படிக் கண்டுபிடிப்பது? அதுதான் முக்கியம், அதனால் நான் பார்க்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் பூ மூட்டையில் எடை குறைந்தால் கடைக்காரர் என்ன செய்வார்? தோட்டத்தில் எவ்வளவு, வண்டியில் ஏற்றும்போது எவ்வளவு, இங்கே தராசில் எவ்வளவு என்று கை மாறிய இடம் ஒவ்வொன்றாகக் கேட்பார். மதிப்பும் அப்படிக் கை மாறித்தான் வருகிறது. பைத்தான் கையிலிருந்து எச்டிஎம்எல் எழுத்துக்கு, அங்கிருந்து பிரவுசர் பெட்டிக்கு, பெட்டியிலிருந்து அனுப்பும் பொட்டலத்துக்கு, பிறகு மறுபடி பைத்தானுக்கு. எந்தக் கையில் குறைந்தது என்று தெரியும் வரை நிரலைத் தொடவே கூடாது. பலர் முதலில் டேக்கின் நிரலை மாற்றிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், நானும் முதல் வருடங்களில் அப்படித்தான் இரவு இரவாகப் போக்கினேன்.

முதலில் நான் பார்ப்பது சர்வர் அனுப்பிய மூல எச்டிஎம்எல். டெவலப்பர் கருவியின் ‘எலிமென்ட்ஸ்’ பகுதியில் தெரிவது அது அல்ல, பிரவுசர் புரிந்துகொண்டு, ஜாவாஸ்கிரிப்ட் ஓடி முடித்த பிறகு உள்ள நிலை. ‘நெட்வொர்க்’ பகுதியில் அந்தக் கோரிக்கையைத் தொட்டு ‘ரெஸ்பான்ஸ்’ பாருங்கள். பிழையோடு திரும்பிய பக்கத்துக்கு இதை விட நம்பகமான வழி இல்லை, ஏனென்றால் ‘வியூ சோர்ஸ்’ கொடுத்தால் பக்கத்தை மறுபடி கேட்டுப் புதுப் படிவத்தைக் காட்டிவிடக் கூடும். ரெஸ்பான்ஸில் 1,250.00 என்று கண்ணால் பார்த்திருந்தால் உங்கள் மூன்றாவது தொல்லை இரண்டு நிமிட வேலை.

அடுத்து அதே இடத்தில் ‘பேலோடு’. பிரவுசர் எந்தப் பெயரில் என்ன அனுப்பியது என்று வரிசையாக இருக்கும். ‘எடை’ என்ற பெயர் நான்கு முறை வருவதைப் பார்த்ததும் இரண்டாவது தொல்லையும் தானே விளங்கியிருக்கும். பெயரே வரவில்லையென்றால் பெட்டி ‘டிஸேபிள்டு’ ஆக இருக்கலாம், அப்படிப்பட்ட பெட்டியைப் பிரவுசர் அனுப்பாது. ‘ரீட்ஒன்லி’ என்றால் அனுப்பும். டிக் செய்யாத செக்பாக்ஸும் வராது, அது பிழை அல்ல. விவசாயி போட்டோ போன்ற கோப்பு ஏறவில்லையென்றால் ஃபார்ம் டேக்கில் மல்ட்டிபார்ட் ‘என்க்டைப்’ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மூன்றாவதாக பைத்தான் பக்கம். கோரிக்கையைக் கையாளும் வியூவில் வந்த தரவு, ஃபார்மின் ‘எரர்ஸ்’, ‘சேஞ்ட்_டேட்டா’ மூன்றையும் அச்சடித்துப் பாருங்கள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது: சாதாரணமாக ‘பிரின்ட்’ போட்டால் எண் 3-உம் எழுத்து ‘3’-உம் திரையில் ஒன்று போலவே தெரியும். ‘ரெப்ர்’ வழியாக அச்சடித்தால் மேற்கோள் குறி காட்டிக்கொடுத்துவிடும். டெம்ப்ளேட்டுக்குள்ளே பார்க்க ‘பிபிரின்ட்’ என்ற ஃபில்டர் இருக்கிறது, அதுவும் மேற்கோளோடு காட்டும். உங்கள் பூ வகைச் சிக்கலில் இந்த ஒரு ஃபில்டரை டேக் டெம்ப்ளேட்டில் போட்டு, பக்கத்தை இரண்டு வழியிலும் திறந்து பார்த்திருந்தால் போதும்.

டெம்ப்ளேட் மௌனமாக இருப்பதும் பெரிய தடை. ‘ஃபீல்டு.ஐடி_ஃபர்_லேபிள்’ என்று எழுத்துப் பிழையோடு எழுதினாலும் ஜாங்கோ ஒன்றும் சொல்லாது, வெற்றிடத்தைப் போட்டுவிட்டுப் போய்விடும். ஜாங்கோ அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரில் ஒரு நாளிதழின் வலைப் பிரிவில் உருவாகி 2005இல் பொதுவில் வந்தது. ஒரு மதிப்பு இல்லை என்பதற்காகச் செய்திப் பக்கம் முழுதும் விழக் கூடாது என்பது அங்கே நியாயமான தேவையாக இருந்திருக்கும். நமக்கு ஃபார்ம் எழுதும்போது அதுவே இடைஞ்சல். டெம்ப்ளேட் செட்டிங்ஸில் ‘ஸ்ட்ரிங்_இஃப்_இன்வேலிட்’ என்று ஒன்று உண்டு. அதில் ‘இங்கே ஓட்டை’ என்பது போல ஏதாவது எழுதி வைத்தால், கிடைக்காத மாறி இருக்கும் இடத்தில் எல்லாம் அது அச்சாகும். பிழை தேடும் நேரத்துக்கு மட்டும் வையுங்கள். அட்மின் பக்கங்கள் உட்பட பல டெம்ப்ளேட்டுகள் அந்த மௌனத்தை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கின்றன, அங்கெல்லாம் இது தேவையில்லாமல் முளைக்கும். ‘இஃப்’ நிபந்தனைக்குள் இருக்கும் தவறான பெயரை இது காட்டாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

தனக்கென்று ஒரு சின்ன டெம்ப்ளேட்டை வைத்து வரையும் டேக்குக்கு இன்க்ளூஷன் டேக் என்று பெயர், அதை எழுதுகிறவர்கள் அடிக்கடி இடறும் இடம் இன்னொன்று. அந்த டேக்கின் டெம்ப்ளேட்டுக்கு, உங்கள் பைத்தான் செயல்கூறு திருப்பித் தரும் டிக்ஷனரி மட்டும்தான் தெரியும். வெளிப் பக்கத்தில் இருக்கும் ‘ரெக்வெஸ்ட்’, ‘யூசர்’ எல்லாம் உள்ளே வராது. படிவம் நம் தளத்திலிருந்தே வந்தது என்று காட்டும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கனை மட்டும் ஜாங்கோ தானாகவே எடுத்துப் போகும். மற்றவை வேண்டுமென்றால் ‘டேக்ஸ்_கான்டெக்ஸ்ட்’ கொடுத்து, முதல் அளவுருவுக்குக் ‘கான்டெக்ஸ்ட்’ என்றே பெயர் வைத்து, தேவையானதை நீங்களே எடுத்துக் கொடுக்க வேண்டும். டேக்கே கிடைக்கவில்லை என்று பிழை வந்தால் காரணங்கள் கொஞ்சம்தான்: ‘டெம்ப்ளேட்டேக்ஸ்’ அடைவில் ‘இனிட்’ கோப்பு இல்லை, ஆப் பட்டியலில் சேர்க்கவில்லை, புதுக் கோப்பு போட்டபின் சர்வரை நிறுத்தித் தொடங்கவில்லை, அல்லது ‘லோட்’ வரியைத் தாய் டெம்ப்ளேட்டில் மட்டும் போட்டிருக்கிறீர்கள். ‘லோட்’ பிள்ளைக்கு இறங்காது, ஒவ்வொரு டெம்ப்ளேட்டிலும் தனியாக எழுத வேண்டும்.

இப்போது என் அனுபவம் ஒன்று. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடைக்குச் சேலை ஆர்டர் பதிவு எழுதிக்கொடுத்தேன். நானும் சொந்த டேக் எழுதினேன். பெட்டியின் எச்டிஎம்எல்லைப் பைத்தானிலேயே எழுத்துகளாக ஒட்டி, திரையில் குறிகளாகத் தெரிகிறதே என்று ‘மார்க்_சேஃப்’ போட்டு அடக்கினேன். சில மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு கடைப் பெரியவர் வந்து, குறிப்புகள் பாதியில் அறுந்து நிற்கின்றன என்றார். ஆர்டர் எடுக்கும் பிள்ளைகள் கரை அகலத்தை 4 அங்குலம் என்று எழுதாமல், எண்ணுக்குப் பின் இரட்டை மேற்கோள் குறி போட்டு எழுதுவார்கள், தையல்காரர் எழுதுவது போல. அந்த மேற்கோள் குறி என் வேல்யூ பண்பை அங்கேயே மூடிவிட்டது. திருத்தும் பக்கத்தில் ‘கரை 4’ வரைதான் தெரிந்தது. சேமித்ததும் மீதிக் குறிப்பு போனது. பழைய ஆர்டர் நோட்டை வைத்துக்கொண்டு அந்தப் பெரியவரும் நானும் மூன்று நாள் உட்கார்ந்து திரும்ப ஏற்றினோம். அந்த மூன்று நாளும் அவர் ஒரு கடும் வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அதுதான் அதிகம் உறுத்தியது.

ஆகவே டேக்கிலிருந்து வரும் எச்டிஎம்எல் திரையில் குறிகளாகத் தெரிந்தால், ‘மார்க்_சேஃப்’ போட்டு அடக்காதீர்கள். ‘ஃபார்மட்_எச்டிஎம்எல்’ இருக்கிறது, அது சட்டத்தை அப்படியே விட்டு, உள்ளே வரும் மதிப்புகளை மட்டும் பாதுகாப்பாக மாற்றித் தரும். மேற்கோள் குறி வெட்டுவது மட்டுமல்ல, வெளியாள் யாராவது ஸ்கிரிப்டைப் பெட்டிக்குள் எழுதி உங்கள் கடைக் கணினியில் ஓடவிடுவதற்கும் அதே ஓட்டைதான் வழி.

தமிழில் பதிவு செய்கிறவர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. பட்டியலின் மதிப்பாக ஐடி எண்ணை வைக்காமல் ஊர்ப் பெயரையே வைக்கிறோம் என்று வையுங்கள். ‘சோழவந்தான்’ என்பதில் உள்ள சோ, யூனிகோடில் இரண்டு விதமாக இருக்க முடியும். ச-வோடு ஓகாரக் குறி ஒன்றே குறியீடாகச் சேரலாம். அல்லது முன்னால் வரும் இரட்டைக் கொம்பும் பின்னால் வரும் காலும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேரலாம். திரையில் கண் வித்தியாசம் காணாது. பைத்தானில் முதலாவதின் நீளம் 10, இரண்டாவதின் நீளம் 11, இரண்டும் சமமல்ல. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பட்டியல்களில் இரண்டாவது வகை வருவதுண்டு. அப்போது தேர்வு நிற்காது, அல்லது சரியான தேர்வு அல்ல என்று ஜாங்கோ திருப்பிவிடும். கொட்டாம்பட்டிக்கும் இதே நிலைதான். மருந்து, யூனிகோடின் என்எஃப்சி என்ற ஒழுங்குமுறைக்கு மாற்றிவிடுவது. பைத்தானின் ‘யூனிகோட்டேட்டா’ தொகுதியில் அது ஒரு வரி. அதை டேக்கில் செய்யாதீர்கள், வந்த எழுத்தைப் பைத்தான் மதிப்பாக மாற்றும் ஃபீல்டின் ‘டு_பைத்தான்’ இடத்தில் செய்யுங்கள், பழைய தரவையும் ஒரு முறை ஓட்டி மாற்றுங்கள். ஆனால் ‘கௌரி’யில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்போடு ளகரத்தை அடித்தவர்களின் பதிவை இது திருத்தாது. அது வேறு எழுத்து, கையால்தான் தேட வேண்டும். நீளத்தையும் மறவாதீர்கள்: சோழவந்தானில் நமக்கு ஆறு எழுத்து, ‘மேக்ஸ்லென்த்’துக்குப் பத்து. எழுத்தைக் கண்ணால் எண்ணிக் கணக்கிட்ட நீளம் தமிழ்ப் பெயரை நடுவில் வெட்டக் கூடும்.

தேதிப் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே ‘ஆஸ்_விட்ஜெட்’ மட்டும் காப்பாற்றாது. நாள், மாதம், ஆண்டு என்ற வரிசை வேண்டும் என்று நம்மில் பலர் மொழியை பிரிட்டிஷ் ஆங்கிலம் என்று வைக்கிறோம். பெட்டியின் வகை ‘டேட்’ என்றால் பிரவுசர் ஏற்பது ஆண்டு-மாதம்-நாள் வடிவம் ஒன்றைத்தான். ஜாங்கோ மொழிக்கேற்ப 05/01/2025 என்று அனுப்பும், பெட்டி காலியாக நிற்கும். புதுப் பதிவில் தெரியாது, திருத்தும்போதுதான் தெரியும். ‘டேட்இன்புட்’டுக்கு வடிவத்தை நீங்களே சொல்லிவிடுங்கள். அனுப்பும் திசையில் கவலை வேண்டாம், அந்த வடிவத்தை ஜாங்கோ எந்த மொழியிலும் ஏற்கும்.

அடுத்ததாக, கிலோவும் கிராமும் தனித்தனிப் பெட்டியாக வேண்டும் என்று முதலாளி கேட்கிறார் என்றீர்கள். அதை டேக்கில் செய்ய நினைக்காதீர்கள், அது விட்ஜெட்டின் வேலை. ஒரே மதிப்புக்குப் பல பெட்டி வரையும் ‘மல்ட்டிவிட்ஜெட்’ எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் மதிப்பு இரண்டு வழியாக வரும் அதே கதைதான்: டேட்டாபேஸிலிருந்து வந்தால் 2.350 என்ற ஒற்றை எண், ‘டீகம்ப்ரஸ்’ அதை 2, 350 என்று பிரிக்க வேண்டும். பிழையோடு திரும்பினால் ஏற்கனவே பட்டியலாக இருக்கும், அப்போது ‘டீகம்ப்ரஸ்’ அழைக்கப்படாது. விட்ஜெட்டுக்குச் சொந்த டெம்ப்ளேட் எழுதினால் அதை ஆப்பின் டெம்ப்ளேட் அடைவுக்குள் வையுங்கள். ப்ராஜெக்டின் பொது அடைவில் வைத்தால் கிடைக்கவில்லை என்றுதான் வரும், ஏனென்றால் விட்ஜெட்டை வரையும் எஞ்சின் தனி, உங்கள் டெம்ப்ளேட் செட்டிங்ஸை அது பார்ப்பதில்லை. பொது அடைவுதான் வேண்டுமென்றால் ‘ஃபார்ம்_ரெண்டரர்’ஐ ‘டெம்ப்ளேட்ஸ்செட்டிங்’ என்று மாற்றி, ‘ஜாங்கோ.ஃபார்ம்ஸ்’ஐயும் ஆப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

உங்கள் ஜாங்கோ 5.0 அல்லது அதற்கு மேல் என்றால், டேக்கே வேண்டாம் என்றும் யோசிக்கலாம். 2023 டிசம்பரில் வந்த அந்தப் பதிப்பில் ‘ஆஸ்_ஃபீல்டு_குரூப்’ வந்துவிட்டது. லேபிள், உதவி, பிழை, பெட்டி எல்லாவற்றையும் அது ஒரு டெம்ப்ளேட்டிலிருந்து வரையும், அந்த டெம்ப்ளேட்டை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். திரையைப் படித்துக்காட்டும் மென்பொருள் பயன்படுத்துகிறவர்களுக்கான ஏரியா பண்புகளும் அதில் தாமாகவே வருகின்றன. நான் புதிதாக எடுக்கும் வேலைகளில் இதைத்தான் பயன்படுத்துகிறேன்.

பழைய டேக்கையே வைத்துக்கொள்வதானால் ஒரு சோதனை எழுதி வையுங்கள். சர்வர் தேவையில்லை, ஒரு சின்ன ஃபார்மை டேக் வழியாக வரைந்து வரும் எச்டிஎம்எல்லைப் பார்த்தால் போதும். விலை 1250 என்று கொடுத்து, வெளியே காற்புள்ளி இல்லை என்று பாருங்கள். பூ வகையை ஒரு முறை தொடக்க மதிப்பாகவும் ஒரு முறை அனுப்பிய தரவாகவும் கொடுத்து, இரண்டிலும் ‘செலக்டட்’ இருக்கிறதா பாருங்கள். குறிப்பில் ஒரு இரட்டை மேற்கோள் குறி. ஃபார்முக்கு ஒரு முன்னொட்டு. எடை 2.350. இந்த ஐந்தும் போதும், பத்து நிமிடத்தில் எழுதிவிடலாம்.

ஆனால் தம்பி, இவை எல்லாவற்றுக்கும் முன்னால் இன்றே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ‘யூஸ்_தவுசண்ட்_செபரேட்டர்’ஐ உடனே அணைத்துவிடுங்கள், டேக்கைத் திருத்தி முடிக்கும் வரையாவது. இனி விலைகள் அழியாது. அப்புறம் டேட்டாபேஸில் விலை காலியாக உள்ள வரவுகளை எடுத்து, அவற்றில் கடைசியாகத் திருத்திய நேரம் உருவாக்கிய நேரத்திலிருந்து வேறுபடும் வரிகளை மட்டும் தனியாக அச்சடியுங்கள். இன்னும் விலை நிரப்பாமல் காத்திருக்கும் சீட்டுகளும் அதில் கலந்திருக்கும், முகூர்த்தத் தேதிகளை முதலில் பாருங்கள். அந்தத் தாளைக் கணக்குப் பிள்ளையிடம் கொடுத்து, அன்றன்று கொடுத்த கைச்சீட்டின் நகலோடு ஒப்பிடச் சொல்லுங்கள். விடியற்காலை ஏலம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு கேளுங்கள், அதற்கு முன் அவருக்கு நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது.